மதீனாவுக்குக் கொடுத்தனுப்பும் ஸலாம்

கீழக்கரையில் ஒருவர் உம்ராவுக்கு, அதாவது மக்காவுக்கான புனித யாத்திரைக்குக் கிளம்புகிறார் என்றால் முதல் நாள் மாலையே தெருவில் பாதிப்பேர் அந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். துஆ (பிரார்த்தனை) செய்யச் சொல்வார்கள். மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரை நினைவூட்டுவார்கள். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொல்வார்கள்: "மதீனாவில் ரசூலுல்லாஹ்வுக்கு என் ஸலாமைச் சொல்லிவிடுங்கள்." ரசூலுல்லாஹ் என்றால் அல்லாஹ்வின் தூதர், மதீனாவில் அடங்கியிருக்கும் நபிகள் நாயகம்; ஸலாம் என்றால் வாழ்த்து. மறந்துவிடக் கூடாதே என்று சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. என் ராத்தா (அக்கா) போனபோது அவருடைய கைப்பையில் அப்படி ஒரு கத்தைச் சீட்டு சேர்ந்துவிட்டது.

அவற்றை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த என் மகனுக்கு ஒன்பது வயது. "வாப்பா, நபி வஃபாத்தாகிவிட்டார்கள் என்றுதானே மதரஸாவில் சொல்லித் தந்தார்கள்? பிறகு இந்த ஸலாமையெல்லாம் யார் வாங்கிக்கொள்வார்கள்?" என்று கேட்டான். பெரியவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்று இரவு அவனுக்குச் சொல்ல முயன்றதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. ஆலிம்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். முஸ்லிம் அல்லாத நண்பர்களும் படிப்பார்கள் என்பதால் தெரிந்த சொற்களுக்கும் விளக்கம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நபிமார்கள் இறந்த பிறகும் ஒருவகையில் உயிரோடு இருக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு 'ஹயாத்துல் அன்பியா' என்று பெயர். ஹயாத் என்றால் வாழ்வு, அன்பியா என்றால் நபிமார்கள். நம் ஊர்ப் பேச்சில் 'ஹயாத்துன் நபி' என்பதுதான் அதிகம் காதில் விழும். இதை விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் 'வாழ்கிறார்கள்' என்ற பாதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கேட்பவர் குழம்புவதும் அங்கேதான். இறந்தார்கள் என்ற பாதியை முதலில் உறுதியாக வைத்துவிட்டால் மற்றது தானாகப் பிடிபடும்.

ஆகவே மரணத்திலிருந்தே தொடங்குகிறேன். கி.பி. 632, ஹிஜ்ரி 11. மதீனாவில் தம் மனைவி ஆயிஷா நாயகியின் அறையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உயிர் பிரிந்தது. செய்தி வெளியே வந்ததும் பள்ளிவாசலில் ஒரே கலக்கம். நெருங்கிய தோழர் உமர் நம்ப மறுத்தார். இறந்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் மீது கடும் கோபம் கொண்டார். மூஸா நபி (மோசே) மலைக்குப் போய் நாற்பது இரவுகள் கழித்துத் திரும்பியதுபோல இவர்களும் திரும்பி வருவார்கள் என்று அவர் சொன்னதாகவும் வரலாற்று நூல்களில் இருக்கிறது. கோழையின் பேச்சு இல்லை இது. பெரும் வீரர் ஒருவர், தாங்க முடியாத துக்கத்தில் பேசியது.

அப்போது இன்னொரு தோழரான அபூபக்ர் வந்தார். உள்ளே போய் முகத்துணியை விலக்கி, நெற்றியில் முத்தமிட்டு அழுதார். பிறகு வெளியே வந்து கூட்டத்தின் முன் நின்று சொன்னார்: "யார் முஹம்மதை வணங்கிக்கொண்டிருந்தாரோ அவர் அறிந்துகொள்ளட்டும், முஹம்மது இறந்துவிட்டார். யார் அல்லாஹ்வை வணங்கிக்கொண்டிருந்தாரோ அவர் அறிந்துகொள்ளட்டும், அல்லாஹ் உயிரோடிருப்பவன், அவன் இறப்பதில்லை." அதோடு, முஹம்மது ஒரு தூதரே, அவருக்கு முன்பும் தூதர்கள் சென்றுபோயிருக்கிறார்கள் என்று தொடங்கும் குர்ஆன் வசனத்தையும் (3:144) ஓதினார். அந்த வசனத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டதுபோல் மக்கள் உணர்ந்தார்கள் என்று ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான புகாரியில் பதிவாகியிருக்கிறது. உமருக்குக் கால்கள் தாங்கவில்லை, தரையில் சரிந்துவிட்டார்.

இந்தக் காட்சியை நான் எத்தனையோ ரபியுல் அவ்வல் மாதங்களில் மிம்பர் மேடைகளிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அபூபக்ரின் நிதானம்தான் என்னை உலுக்குகிறது. அந்தக் கூட்டத்தில் நபியை அவரைவிட நேசித்தவர் யாரும் இல்லை. அவர்தான் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை உரக்கச் சொன்னார். "நீரும் இறப்பவரே, அவர்களும் இறப்பவர்களே" என்று நபியைப் பார்த்தே குர்ஆன் (39:30) சொல்கிறது. ஆகையால் நபிமார்கள் சாகவே இல்லை, மறைந்து மட்டும் போனார்கள் என்று யாராவது சொன்னால், அது இஸ்லாமிய நம்பிக்கை இல்லை.

ஈஸா நபியின் (இயேசுவின்) செய்தி வேறு. அவர் கொல்லப்படவில்லை, அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் (4:157-158), உலக முடிவுக்கு முன் மீண்டும் வருவார் என்பதே பெரும்பான்மை முஸ்லிம்களின் நம்பிக்கை. அவருக்கு மரணம் இனிமேல்தான். அதனால் இந்தக் கட்டுரையின் கணக்கில் அவர் வரமாட்டார்.

மகன் சொன்ன 'வஃபாத்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். நம் பகுதியில் அக்கம்பக்கத்தார் இறந்தால் 'மவுத்தாகிவிட்டார்' என்போம். நபிமார்களையும் பெரியவர்களையும் சொல்லும்போது 'வஃபாத்தானார்கள்' என்போம். மரியாதைக்காகத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த அரபுச் சொல்லின் வேரில் 'முழுமையாக எடுத்துக்கொள்ளுதல்' என்ற பொருள் இருக்கிறது. கடனைப் பாக்கியில்லாமல் திரும்பப் பெறுவதுபோல. உயிர்களை மரணத்தின்போதும், மரணிக்காதவற்றை உறக்கத்தின்போதும் அல்லாஹ் எடுத்துக்கொள்கிறான் என்று சொல்லும் வசனம் (39:42) உறக்கம், மரணம் இரண்டுக்கும் இதே வினையைத்தான் வைத்திருக்கிறது. எடுத்துக்கொள்ளப்பட்டது வேறோர் இடத்தில் இருக்கிறது. அழிந்துபோவது என்ற பேச்சே அங்கு இல்லை.

அப்படியென்றால் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடையாக வருகிற சொல் 'பர்ஸக்'.

இறந்தவர்களுக்குப் பின்னால், அவர்கள் எழுப்பப்படும் நாள்வரை ஒரு பர்ஸக் இருக்கிறது என்கிறது குர்ஆன் (23:100). பர்ஸக் என்றால் தடுப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட திரை. இதே சொல் குர்ஆனில் கடலைப் பற்றிப் பேசும்போதும் வருகிறது. இரண்டு கடல்கள், ஒன்று இனிப்பு, மற்றது உவர்ப்பு, இரண்டும் கலந்துவிடாதபடி நடுவில் ஒரு பர்ஸக் (25:53). நபி வாழ்ந்த ஊர்கள் உள்நாட்டில் இருந்தன. நாமோ இதை வாசிக்கும்போதே கண்ணுக்கு முன் கடலைப் பார்க்கிற ஊர்க்காரர்கள்.

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடல், குளம்போலக் கிடக்கும். அதைப் பெண் கடல் என்பார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அலை அடித்து இரையும்; அது ஆண் கடல். நடுவில் இருப்பது ஒரு மணல் நாக்கு. இரண்டுமே உப்புக் கடல்தான், வசனம் சொல்லும் கடல்கள் இவை என்று நான் சொல்ல வரவில்லை. வாடைக் காலத்தில் பெண் கடலும் சீறும் என்பதும் தெரியும். ஆனால் 'நடுவில் ஒரு திரை' என்பதை ஒன்பது வயதுப் பையனுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கரையில் உலக வாழ்வு. அந்தக் கரையில் மறுமை. இறந்தவர்கள் இப்போது இருப்பது இரண்டும் அல்லாத நடு இடத்தில். அங்கிருந்து இந்தப் பக்கம் திரும்ப முடியாது. அந்தப் பக்கம் போக நாள் இன்னும் வரவில்லை.

உவமை இவ்வளவுதான் தாங்கும். பர்ஸக் என்பது வரைபடத்தில் காட்டும் இடம் இல்லை. அது நம் புலன்களுக்கு எட்டாதது, அதாவது 'கைப்' என்பதுதான் மார்க்க அறிஞர்களின் பேச்சு. கப்ரை (அடக்கக்குழியை) தோண்டிப் பார்த்து அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது.

பர்ஸக் வாழ்வு நபிமார்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. கப்ரில் வைக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் முன்கர், நக்கீர் என்ற வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள் என்பது சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித்தரப்படும் பாடம். நல்லவர்களுக்கு அங்கே சுகம், மற்றவர்களுக்கு வேதனை. ஆக, எல்லோருக்கும் ஏதோ ஓர் உணர்வு அங்கே உண்டு. கேள்வி, யாருக்கு எந்த அளவில் என்பதுதான்.

இந்தப் படிவரிசையைப் புரிந்துகொள்ள ஏர்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தனக்கூடு காலத்தில் சாதி மதம் பாராமல் கூட்டம் கூடும் அந்த தர்காவில் அடங்கியிருப்பவர் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீத். பெயரின் கடைசிச் சொல்லைத்தான் இங்கே பார்க்க வேண்டும். ஷஹீத் என்றால் இறைவழியில் உயிர்நீத்த தியாகி. அத்தகையவர்களைப் பற்றிக் குர்ஆன் சொல்கிறது: "அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டவர்களை இறந்தவர்கள் என்று எண்ணாதீர்; தம் இறைவனிடம் உயிரோடு இருக்கிறார்கள், உணவளிக்கப்படுகிறார்கள்" (3:169). இன்னோர் இடத்தில், "அவர்கள் உயிரோடிருக்கிறார்கள், நீங்கள்தான் உணர்வதில்லை" (2:154). ஷஹீதுகளின் உயிர்கள் பச்சைப் பறவைகளுக்குள் இருந்து சொர்க்கத்தில் விரும்பிய இடமெல்லாம் சுற்றுகின்றன என்று 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. அந்தப் பச்சைப் பறவைகள் என்றால் பிள்ளைகளுக்கு எப்போதும் பிடிக்கும்.

இங்கிருந்து அறிஞர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். நபியைப் பின்பற்றி உயிர்கொடுத்த ஒருவருக்கே இந்தச் சிறப்பு என்றால், அவரைவிடப் பதவியில் உயர்ந்த நபிக்கு அது இல்லாமல் இருக்குமா? வாதம் எளியது. ஆனால் வாதத்தை மட்டும் நம்பி அவர்கள் நிற்கவில்லை, நேரடியான ஹதீஸ்களும் இருக்கின்றன.

நபி விண்ணேற்றம் சென்ற மிஃராஜ் இரவில், செம்மணல் மேட்டருகே மூஸா நபியைக் கடந்து சென்றேன், அவர் தம் கப்ரில் நின்று தொழுதுகொண்டிருந்தார் என்று நபிகள் நாயகம் சொன்னதாக முஸ்லிமில் வருகிறது. தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிவப்பாகத் தெரியுமே தேரி, அதுதான் எனக்கு இந்த ஹதீஸைக் கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். அதே இரவில் அதே மூஸா நபியை ஆறாம் வானத்திலும் சந்திக்கிறார்கள். ஐம்பது வேளைத் தொழுகையைக் குறைத்துக் கேட்கச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பியவர் அவர்தான். நாம் இன்று ஐந்து வேளை தொழுவதற்கு, எப்போதோ வஃபாத்தான ஒரு நபியின் அக்கறை காரணம் என்று மகனிடம் சொன்னேன். "அப்படியென்றால் மூஸா நபிக்கும் ஸலாம் சொல்லவேண்டும்" என்றான்.

"நபிமார்கள் தம் கப்றுகளில் உயிரோடு இருந்து தொழுகிறார்கள்" என்று இதைப் பொதுவாகச் சொல்லும் ஹதீஸ் நபித்தோழர் அனஸ் (ரலி) வழியாக வருகிறது. 1066இல் மறைந்த இமாம் பைஹகீ இந்தப் பொருளுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். அறிவிப்பாளர் வரிசையைப் பற்றி விவாதித்தவர்களும் உண்டு. ஆனாலும் ஹதீஸ்களின் தரம் பார்ப்பதில் கறாரானவர் என்று பெயரெடுத்த 20ஆம் நூற்றாண்டின் அல்பானியும் அதை ஏற்றிருக்கிறார். இன்னொன்று அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருவது: வெள்ளிக்கிழமைகளில் என்மீது அதிகம் ஸலவாத்து (எனக்காக அருள் வேண்டும் துஆ) சொல்லுங்கள், அது எனக்கு எடுத்துக்காட்டப்படுகிறது என்று நபி சொன்னார்கள். தோழர்கள் என் மகனைப் போலவே கேட்டார்கள்: நீங்கள் மண்ணாகிப் போயிருக்கும்போது எப்படி? "நபிமார்களின் உடல்களை உண்பதை அல்லாஹ் பூமிக்குத் தடுத்துவிட்டான்" என்று பதில் வந்தது. மையவாடியில் (இடுகாட்டில்) மூன்று பிடி மண் போட்டுவிட்டு வரும் நமக்கு மண்ணின் வேலை என்ன என்று தெரியும். அந்த வேலையிலிருந்து ஒரு கூட்டத்துக்கு மட்டும் விலக்கு.

இதைக் கேட்கும்போது சுலைமான் நபியின் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. அவர் கைத்தடியை ஊன்றி நின்றபடியே வஃபாத்தானார். அவருக்குப் பயந்து வேலை செய்துகொண்டிருந்த ஜின்களுக்கு (கண்ணுக்குத் தெரியாத படைப்பினம்) அது தெரியவில்லை. பூமியின் சிறு பூச்சி ஒன்று, கறையான் என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள், தடியை அரித்துத் தின்றது. தடி இற்றதும் உடல் சாய்ந்தது, அப்போதுதான் ஜின்களுக்கு விளங்கியது (34:14). மறைவானவை ஜின்களுக்குத் தெரியாது என்று காட்டத்தான் குர்ஆன் இதைச் சொல்கிறது. ஆனால் கறையான் தடியைத்தான் தின்றது, அவரை அல்ல என்ற இடத்தில் என் மனம் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும்.

ஸலாம் பற்றிய ஹதீஸ் இனி. எவரேனும் எனக்கு ஸலாம் சொன்னால், அவருக்குப் பதில் ஸலாம் சொல்வதற்காக அல்லாஹ் என் ரூஹை, அதாவது உயிரை, திரும்பத் தருகிறான் என்று நபி சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதும் அபூதாவூதில் இருக்கிறது. இங்கே ஒரு சிக்கல். திரும்பத் தருகிறான் என்றால் நடுவில் உயிர் இல்லாமல் இருந்ததா? 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி இதற்குச் சொன்ன விளக்கங்களில் ஒன்று அழகானது. உலகில் ஸலாம் சொல்லப்படாத நேரமே இல்லை, ஆகவே ரூஹு பிரிந்திருக்கும் நேரமும் இல்லை. கீழக்கரையில் சுபுஹு (விடியல் தொழுகை) தொழும்போது மதீனாவில் இன்னும் இருட்டு. அங்கே சுபுஹு வரும்போது இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், வேறெங்கோ நண்பகல் லுஹர். பாங்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது, தொழுகையும் கூடவே. ஒவ்வொரு தொழுகையிலும் அத்தஹியாத்து ஓதி உட்காரும் இருப்பில் "அஸ்ஸலாமு அலைக்க அய்யுஹன் நபிய்யு", அதாவது "நபியே, உங்கள்மீது ஸலாம்" என்று முன்னிலையில் சொல்கிறோம், எதிரே இருப்பவரிடம் சொல்வதுபோல. நபித்தோழர் இப்னு மஸ்ஊத், வஃபாத்துக்குப் பிறகு நாங்கள் "நபியின்மீது ஸலாம்" என்று படர்க்கையில் சொன்னோம் என்று குறிப்பிட்டதும் புகாரியில் இருக்கிறது. ஆனாலும் இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலோர் சொல்வது முன்னிலைதான்.

தூரத்திலிருந்து சொல்பவர்களுக்கு? பூமியில் சுற்றித்திரியும் வானவர்கள் அதை எடுத்துச் செல்கிறார்கள் என்று நஸாயீயில் வருகிறது. "என் கப்ரை விழாக்கூடமாக ஆக்காதீர்கள், நீங்கள் எங்கிருந்தாலும் உங்கள் ஸலவாத்து என்னை வந்தடையும்" என்ற ஹதீஸும் உண்டு. கறாராகப் பார்த்தால் என் ராத்தாவின் கைப்பைச் சீட்டுகளுக்கு அவசியமே இல்லை. இருந்தாலும் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் காக்காவிடம் (அண்ணனிடம்) தினமும் போனில் பேசினாலும், ஊரிலிருந்து யாராவது போனால் ஒரு பொட்டலம் தொதல் இனிப்பு கொடுத்தனுப்புகிறோமே.

இதுவரை சொன்னதில் பெரிய சண்டை இல்லை. தர்கா வழக்கங்களை ஏற்கும் சுன்னத் ஜமாஅத்தாரும் அவற்றை எதிர்க்கும் தவ்ஹீத் அமைப்பினரும் நம் கரையோர ஊர்களில் பலவற்றுக்கும் மோதிக்கொள்வார்கள். அதைப் பார்த்த இளைஞர்கள் பலர், ஒரு தரப்பு நபி உயிரோடிருக்கிறார் என்கிறது, மறுதரப்பு இல்லை என்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். அது சரியில்லை. தர்கா வழக்கங்களைக் கடுமையாக எதிர்த்தவர் என்று அறியப்படும் இப்னு தைமிய்யாவும் (மறைவு 1328) நபிமார்களின் பர்ஸக் வாழ்வை மறுத்தவர் இல்லை. தகராறு அடுத்த படியில் வருகிறது. அந்த வாழ்வு உலக வாழ்வைப் போன்றதா, முற்றிலும் வேறா? கேட்கிறார்கள் என்றால் எதையெல்லாம் கேட்கிறார்கள்? அவர்களை முன்னிறுத்தி அல்லாஹ்விடம் கேட்கலாமா, அவர்களிடமே உதவி கேட்கலாமா?

இந்த விவாதத்தின் வேர் நபித்தோழர் காலத்திலேயே இருக்கிறது. பத்ருப் போர் முடிந்ததும், பாழுங்கிணற்றில் போடப்பட்ட எதிரிகளின் உடல்களைப் பார்த்து நபி பேசினார்கள். உயிரற்ற உடல்களோடு பேசுகிறீர்களே என்று உமர் கேட்டதற்கு, நான் சொல்வதை அவர்களைவிட நீங்கள் நன்றாகக் கேட்கவில்லை என்றார்கள். ஆயிஷா நாயகி இதை அப்படியே ஏற்கவில்லை. நபி சொன்னது 'இப்போது அவர்கள் அறிகிறார்கள்' என்பதுதான் என்றார். இறந்தவர்களை நீர் கேட்கச் செய்ய முடியாது என்ற வசனத்தை (27:80) ஆதாரமாகக் காட்டினார். அவ்வளவு நெருக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கே இதில் இரண்டு கருத்து. மைக் பிடித்து ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் தயக்கம்.

கீழக்கரைக்காரன் இதை எழுதிவிட்டு சீதக்காதியைச் சொல்லாமல் விடமுடியாது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று தமிழ்நாடே சொல்லும் வள்ளல் எங்கள் ஊரில்தான் அடங்கியிருக்கிறார். தேடி வந்த புலவர் அவர் இறந்த செய்தி கேட்டுக் கப்ரடியில் பாட, உள்ளிருந்து மோதிரக்கை வெளியே நீண்டது என்பது கதை. மகன் இதையும் கேட்டான்: "சீதக்காதியும் ஹயாத்தா?" இல்லை என்றேன். அது ஒரு கொடையாளியின் பெருமையை ஊர் வாய் சொல்லிக்கொண்ட விதம். அதை நம்பாவிட்டால் யாருடைய ஈமானும் (இறைநம்பிக்கையும்) குறையாது. நபிமார்களின் ஹயாத் பற்றிய பேச்சு வசனத்திலும் ஹதீஸிலும் நிற்கிறது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் வள்ளலுக்கும் நியாயம் இல்லை, நபிக்கும் மரியாதை இல்லை.

ராத்தா இரண்டு வாரம் கழித்து வந்தார். பேரீச்சம்பழத்தைப் பங்குவைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்த மகன், "மாமி, எல்லாப் பேரையும் சொன்னீர்களா?" என்று கேட்டான். நபியின் அடக்கத்தலமான ரவ்ளாவுக்கு முன்னால் கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்ததாம், நின்று சீட்டை விரிக்க விடவில்லையாம். "கொடுத்தனுப்பிய எல்லோருடைய ஸலாமும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்" என்றார். அவன் கொஞ்சம் யோசித்தான். தன்னுடைய சீட்டை மட்டும் கத்தையிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு, மாலை மஃரிபு பாங்கு கேட்டதும் பள்ளிக்குக் கிளம்பினான்.